விலை கேட்டுப் போனவர்

எங்கள் தெருவில் அவர் ஒரு சாமானை வாங்கியதைப் பார்த்தவர்கள் அபூர்வம். விலை கேட்டதைப் பார்க்காதவர்கள் யாரும் கிடையாது. ரங்கூனில் எங்கள் தின்கன்ஜூன் பேட்டையின் காலைக் கடைத்தெருவில் எந்தக் கூடைக்கு முன்னால் நான் குனிந்தாலும் இன்றைக்கும் என் காதுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்கிறது. "பெலௌலே?" எவ்வளவு என்பதற்குப் பர்மியில் அதுதான் சொல். கடைத்தெருவில் எல்லோரும் கேட்கிற கேள்விதான். ஆனால் அவர் கேட்டால், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று டாக்டரிடம் கேட்பது போல இருக்கும். நல்ல பதில் வராது என்று தெரிந்துகொண்டே, குரலைத் தாழ்த்திக் கேட்பார். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. நம்பாதவளுக்கும் கேட்கத்தான் செய்கிறது.

நெட்டையான ஆள். வெள்ளைச் சட்டையைப் பர்மியக் கைலியான லொஞ்சிக்குள் செருகிக் கட்டியிருப்பார். வெயிலோ மழையோ கறுப்புக் குடை உண்டு. இன்னொரு கையில் பச்சை நிறப் பிளாஸ்டிக் கூடை. அது காலியாகப் போகும், பெரும்பாலும் காலியாகவே திரும்பும்.

அவர் விலை கேட்பதற்கு ஒரு முறை இருந்தது. ஒரு கத்தரிக்காயை எடுப்பார். உள்ளங்கையில் வைத்து லேசாகத் தூக்கிப் பார்ப்பார். கேட்பார். கடைக்காரி விலையைச் சொன்னதும், உறவுக்காரர் யாரோ படுக்கையில் விழுந்துவிட்டதாகக் கேள்விப்பட்டவர் மாதிரி மெல்லத் தலையாட்டுவார். பிறகு காயை எடுத்த இடத்திலேயே, காம்பு எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அதே பக்கம் பார்க்கும்படி வைத்துவிட்டு நகர்வார். பேரம் பேசமாட்டார். முகத்தைச் சுளிக்கமாட்டார். அதுதான் கடைக்காரர்களுக்கு ஆத்திரம். பேரம் பேசினால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லலாம். சும்மா தலையாட்டிவிட்டுப் போகிறவரை என்ன செய்வது?

கத்தரிக்காயோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பிள்ளையில்லாத மனிதர் குழந்தைகளுக்கான பால்பவுடர் டின்னைக் கையில் எடுத்து விலை கேட்பார். ஆயுளில் சைக்கிள் மிதித்தறியாதவர் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் சைக்காக்காரனிடம் போய் டயர் என்ன விலை என்பார். ஜவுளிக்கடையில் கல்யாணப் பட்டு, இரும்புக்கடையில் சிமெண்டு மூட்டை, மீன்கடையில் எங்கள் யாருக்கும் எட்டாத உல்லம் மீன். ஒரு நாள் சவப்பெட்டிக் கடை வாசலில் நின்று, எடுத்துப் போட எல்லாம் சேர்த்து என்ன ஆகும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அந்தச் செய்தி அவர் வீடு திரும்புவதற்கு முன்பே தெரு முழுக்கப் பரவி, யாருக்காக என்று எல்லோரையும் வீடு வீடாக விசாரிக்க வைத்தது.

நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். உறவெல்லாம் இல்லை. இரண்டு குடும்பமும் வெள்ளைக்காரன் காலத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர்களின் வழி, அந்தப் பாசம்தான். அவர் துறைமுகக் கிடங்கில் சரக்குச் சரிபார்க்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் வீட்டு முன்கட்டில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறேன். மதியம் மட்டும் சோறு, சாம்பார், ஒரு பொரியல், அப்பளம். கையில் இருப்பவர்களுக்கு மீன் துண்டு. பக்கத்து டாக்ஸி டிரைவர்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும்தான் என் வாடிக்கை. பர்மியர்கள் என்னை மா செல்வி என்பார்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் நாட்டில் எல்லாம் குலைந்தது அல்லவா, அதற்குப் பிறகு விலைகள் ஏறிய கதையை யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. பாமாயிலுக்குப் பாட்டிலோடு வரிசையில் நின்றோம். பெட்ரோலுக்குக் கார்கள் வரிசையில் நின்றன. மீ வருகிற நேரத்தைப் பார்த்து மாவு அரைத்தோம். கரண்டைத்தான் இங்கே எல்லோரும் மீ என்போம். வராத நாளில் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றினால் அன்றைய லாபம் புகையாகப் போகும். சாப்பாட்டு விலையை ஏற்றினால் ஆள் வராது, ஏற்றாவிட்டால் அடுப்பு எரியாது. நான் முதலில் அப்பளத்தைச் சின்னதாக்கினேன். பிறகு பாதியாக்கினேன். ஒரு வாத்தியார் அதைத் தூக்கிப் பிடித்து, "மா செல்வி, இதைத் தூக்கிப் பிடிச்சும் உங்க மொகம் மறையலையே" என்றார். சிரித்தேன். வேறென்ன செய்ய?

அந்த நாட்களில்தான் மாமாவைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பியது. அவர் கேட்டால் விலை ஏறுகிறது என்றார்கள். திங்கட்கிழமை அவர் பூண்டு விலை கேட்டாராம், வியாழக்கிழமை பூண்டு ஏறிவிட்டதாம். அவர் கேட்காத சாமானும்தான் ஏறியது. அதை யார் நினைத்துப் பார்த்தார்கள்? மனிதனுக்குக் கோபம் வந்தால் எட்டுகிற தூரத்தில் ஒரு தலை வேண்டும். அந்த நெட்டையான தலை எட்டியது. மளிகைக்கடை பாய், பாவம், நல்ல மனிதர், அவர்கூட மாமா வருவதைக் கண்டால் சீனி மூட்டையின் வாயைச் சுருட்டிக் கட்டிவிடுவார்.

மீன்காரி டோ சேன் மட்டும் வேறு மாதிரி. அவளுக்கும் அவர் தலைவலிதான். விடிந்ததும் முதல் ஆளாக அவர்தான் அவள் கடை முன்னால் நிற்பார். நம்மவர்கள் போணி என்று சொல்வதைப் பர்மியர்கள் ஸே-ஊ-பௌ என்பார்கள். முதல் ஆள் வாங்கிவிட்டால் அந்தப் பணத்தைக் கையில் பிடித்து, மீன்களின் தலையில் எல்லாம் தட்டித் தட்டிக் கும்பிடுவார்கள். அன்றைக்கு வியாபாரம் ஓடும். முதல் ஆள் கேட்டுவிட்டு வாங்காமல் போனால் அன்றைக்கு ஈதான் ஓட்ட வேண்டும். டோ சேன் சண்டை போட்டுப் பார்த்தாள். தண்ணீரை வீசித் தெளித்துப் பார்த்தாள். அவர் குடையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, "பெலௌலே?" என்று மறுபடியும் கேட்டார்.

ஒரு நாள் அவள் என்ன நினைத்தாளோ, மடியிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து அவர் கையில் திணித்தாள். "இந்தா, இதை வச்சு எங்கிட்டயே எதையாவது வாங்கித் தொலை" என்று பர்மியில் கத்தினாள். அவர் யோசித்தார். மீனைத் தொடவில்லை. ஓரத்தில் கிடந்த கொத்தமல்லியில் ஒரு சிறு கட்டை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு, அவள் நோட்டை அவளிடமே நீட்டினார். அவள் அதை வாங்கி மீன் தலைகளில் தட்டினாள். அன்றைக்கு வெயில் ஏறும் முன்பே கூடை காலியாகிவிட்டது என்று பிறகு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதிலிருந்து தினமும் அந்த நாடகம் நடந்தது. அவள் பணம் அவர் கைக்குப் போய் அவளிடமே திரும்பும். பைசா செலவில்லாமல் போணி. எங்கள் வீட்டுக்காரர் இருந்திருந்தால், இதற்குப் பெயர்தான் மூளை என்றிருப்பார்.

கடைத்தெருவிலிருந்து நேரே என் கடைக்கு வருவார். பலகையில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே ஒப்பிப்பார்.

"பாமாயில் ஏறிடுச்சும்மா. வெங்காயம் நேத்து மாதிரியே. முருங்கைக்காய் எறங்கியிருக்கு."

"வாயைக் கழுவுங்க மாமா. விடிஞ்சும் விடியாம எண்ணெயில ஆரம்பிக்கிறீங்களே."

"நான் ஏத்தலியேம்மா."

அவர் சொல்வதை வைத்துத்தான் நான் அன்றைய சமையலை முடிவு செய்வேன். முருங்கைக்காய் இறங்கினால் முருங்கைக்காய் சாம்பார். எனக்கு அவர் உபயோகமானவர். அதனால் நான் அவரை வையவில்லை, அவ்வளவுதான். ஏன் கேட்கிறார் என்று நானும் கேட்கவில்லை. சிலருக்குக் கோயில், சிலருக்குக் குடி, இவருக்கு இது என்று விட்டுவிட்டேன்.

அவர் மனைவியை அத்தை என்பேன். அவர்கள் வீடு தெருக்கோடியில், மாடியில். ஒரு காலத்தில் அத்தை கடைத்தெருவில் இறங்கினால் வியாபாரிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அப்படிப் பேரம் பேசுவாள். மாமாவின் சம்பளத்தை வைத்து வீடு நடத்தியதும், நகை எடுத்ததும், யாருக்கும் கைநீட்டாமல் வாழ்ந்ததும் அவள் சாமர்த்தியம். அப்புறம் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. அதிலிருந்து படிக்கட்டு இறங்கியதில்லை. நான் எப்போதாவது ஒரு கிண்ணம் சாம்பார் கொண்டுபோய்க் கொடுத்து, நின்ற வாக்கில் பேசிவிட்டு வருவேன்.

சாப்பாட்டு விலையை நான் ஏற்றிய வாரம் அப்படித்தான் போனேன். மாமா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ன அத்தை, கோவமா?"

"ஏண்டி செல்வி, சாப்பாட்டு விலையை ஏத்திட்டியாமே. மாடிப்படியில பேசிட்டுப் போனாங்க, கேட்டுச்சு."

"என்ன அத்தை செய்யறது, விலைவாசி..."

"என்ன விலைவாசி? பருப்பு அதே விலை. எண்ணெய் அதே விலை. அரிசி கொஞ்சம் எறங்கியே இருக்கு. இவரு தெனம் கேட்டுட்டு வந்து சொல்றாரே. நாலு ஏழை வாத்திமாருங்க சாப்பிடற எடம். அவங்க வயித்துல அடிச்சு நீ மாடி கட்டப் போறியா?"

மாமாவைப் பார்த்தேன். அவர் சுழலாத மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டியில் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. அத்தை என்னை வைதது எனக்கு வலிக்கவில்லை. அவள் சொன்ன விலைகள்தான் வலித்தன. அந்த விலைகளில் நானும் ஒரு காலத்தில் கூடை நிறைய வாங்கியிருக்கிறேன்.

"தப்புத்தான் அத்தை. எறக்கிடறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். படிக்கட்டில் மாமா பின்னாலேயே இறங்கி வந்தார்.

"என்ன மாமா கூத்து இது?"

"மொதல்ல நெசத்தைத்தாம்மா சொன்னேன்" என்றார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மாத்திரை என்ன விலைன்னு கேட்டா. சொன்னேன். அன்னைலேருந்து மாத்திரையைக் கன்னத்துல ஒதுக்கிக்கிட்டு, நான் அந்தாண்ட திரும்புனதும் துப்பியிருக்கா. தலகாணி ஒறைக்குள்ளாற அத்தனையும் கெடந்துச்சு. ஏன்டின்னா, படுத்துக் கெடக்கற கட்டைக்கு இவ்வளவு செலவான்னு கேக்கறா. டாக்டரு சொல்லிட்டாரு. மாத்திரை நின்னா மறுபடியும் வரும், வந்தா தாங்க மாட்டாங்கன்னு."

"அதனால?"

"அதனால ஒரு நாளு, விலை எறங்கிடுச்சுன்னேன். முழுங்கிட்டா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறதாகச் சொல்வார்களே, இந்த மனிதர் ஒரு ஊரையே மறைத்துக்கொண்டிருந்தார். மாத்திரைக்கு மட்டும் பழைய விலை சொன்னால் நம்புவாளா? மற்றதெல்லாம் ஏறியிருக்கும்போது அது மட்டும் ஏன் ஏறவில்லை என்பாளே. அதனால் எண்ணெய்க்கும் பழைய விலை, அரிசிக்கும் பழைய விலை. அத்தையோ படுத்த இடத்தில் எதையாவது நினைத்துக்கொண்டே கிடப்பாள். கீழ்வீட்டில் குழந்தை அழுதால், பால்பவுடர் என்ன விலை விற்கிறது என்பாள். யார் வீட்டிலோ கல்யாணம் என்றால், பட்டு என்ன விலை, கேட்டீர்களா என்பாள். எதிர்வீட்டுக் கிழவர் செத்தபோது, எடுத்துப் போட என்ன ஆகியிருக்கும் என்று கேட்டாள். சவப்பெட்டிக் கடை வாசலில் அவர் நின்றது அதற்காகத்தான்.

"பழைய விலையைத்தானே சொல்லப் போறீங்க. அப்புறம் எதுக்கு ஊரெல்லாம் சுத்திப் புது விலையைக் கேட்டு எல்லார்கிட்டயும் வசவு வாங்கறீங்க?" என்றேன்.

"கேட்டீங்களான்னு கேப்பாம்மா. கேட்டேன்னு சொல்றதாவது நெசமா இருக்கட்டுமே."

அதற்குப் பிறகு தெருவில் நாலைந்து பேருக்கு விஷயம் தெரிந்தது. நான்தான் சொன்னேன், தெரியாமல் யாராவது போய் உளறிவிடக் கூடாதே என்று. பாய் அதற்குப் பிறகு சீனி மூட்டையின் வாயைக் கட்டவில்லை. மாமா டிவியின் வயரைப் பிடுங்கி வைத்துவிட்டு ரிப்பேர் என்றார். மீ வராத ஊரில் டிவி ஓடாததை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? அவருடைய பென்ஷன் விஷயத்தில் மட்டும் பொய் சொல்லத் தேவையிருக்கவில்லை. அது நிஜமாகவே பழைய காலத்தில் நின்றுபோயிருந்தது.

அந்த அறைக்கு நான் அடிக்கடி போக ஆரம்பித்தேன். அத்தைக்காகப் போகிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "எண்ணெய் வீசை இவ்வளவுதான் அத்தை" என்று பழைய விலையை வாய்விட்டுச் சொல்லும்போது எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிடும். வெளியே ஒரு ஊர் கொதித்துக்கொண்டிருக்க, உள்ளே இன்னொரு ஊர் ஆடாமல் அசையாமல் நின்றது. அங்கே என் அப்பளம் முழு வட்டமாக இருந்தது. டாக்ஸிக்காரர்கள் இரண்டு மீன் துண்டு கேட்டார்கள். பொய் என்று தெரியும். ஆனாலும் படி இறங்கித் தெருவுக்கு வரும்போது, செத்துப்போனவர்கள் வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டு வந்தவள் மாதிரி முதுகு சில்லிடும்.

அத்தை அந்த ஊரில் நிம்மதியாக இருந்தாள். மாத்திரைகளை விழுங்கினாள். தலையணைக்கடியில் ஒரு சுருக்குப்பை வைத்திருந்தாள். நல்ல காலத்தில் அவள் சிறுகச் சிறுகச் சேர்த்தது. ஒரு முறை எனக்கு எடுத்துக் காட்டினாள். "எங்க ரெண்டு பேருல யாரு முந்திப் போனாலும் இதுல எடுத்துப் போட்டுடலாம். இவரு விசாரிச்சுட்டு வந்துட்டாரு. போதும், கொஞ்சம் மீதியே வரும்" என்றாள். மாமா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பை நிறைய இருந்த பணம் என்ன பெறும் என்று எனக்குத் தெரியும். அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

மாமா மெலிந்துகொண்டே வந்தார். லொஞ்சி இடுப்பில் நிற்காமல், நடக்கும்போது அடிக்கடி அவிழ்த்துக் கட்டுவார். சாப்பிடச் சொன்னால், இப்போதுதான் வீட்டில் ஆயிற்று என்பார். யாரிடம் எந்தப் பொய்யைச் சொல்கிறோம் என்பது அவருக்கே குழம்பிவிட்டதோ என்னவோ.

மழை தொடங்கிய ஒரு காலையில் அவர் கடைத்தெருவில் யாரிடமும் எதையும் கேட்காமல் நடந்து போனார். கத்தரிக்காயைத் தாண்டி, பூண்டைத் தாண்டி, டோ சேன் வழக்கம் போல நோட்டை நீட்டிக்கொண்டு நிற்க அவளையும் தாண்டிப் போனார். அவள் நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றாள். அவர் கேட்கிறார் கேட்கிறார் என்று திட்டிய அத்தனை பேரும் அன்றைக்கு எட்டி எட்டி அவர் முதுகைப் பார்த்தார்கள்.

என் கடைப் பலகையில் வந்து உட்கார்ந்தார்.

"மாத்திரைக்கு விலை கேட்டேம்மா. விலை இல்லேன்னுட்டாங்க."

"என்ன மாமா, சும்மாவா குடுக்கறாங்க?" என்றேன், விளையாட்டாக. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

"சரக்கே இல்ல. எந்தக் கடையிலயும் இல்ல. வெளிநாட்டுலேருந்து வரணுமாம், வரலியாம். எப்ப வரும்னா, தெரியாதுங்கறாங்க." டீயைத் தொடவில்லை. "ஏறுன விலைக்கு ஒரு பொய்யைச் சொல்லிடலாம். இல்லாத சாமானுக்கு என்னம்மா பொய் சொல்றது?"

வீட்டில் இருந்தது இன்னும் சில நாளைக்குத்தான் வரும் என்றார். அடுத்த நாளிலிருந்து அவரைத் தெருவில் பார்ப்பது அரிதாகிவிட்டது. ரங்கூன் முழுக்கத் தேடினார். பிறகு பாலத்தைத் தாண்டித் தன்லியினில் தேடினார். கோயிலுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறேன் என்று அத்தையிடம் சொல்லிவிட்டு கியாக்தான் வரைக்கும் பஸ் ஏறினார். சின்ன ஊரில் பழைய சரக்கு எங்காவது தங்கியிருக்கும் என்று அவருக்கு ஒரு கணக்கு. கிடங்கில் வேலை பார்த்தவர் அல்லவா?

அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. கியாக்தானில் ஒரு கடையில் கிடைத்திருக்கிறது. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு, தூங்குகிறார் என்று கண்டக்டர் அவர் தோளில் தட்டியிருக்கிறான். ஒரு கொத்தமல்லிக் கட்டைத் தவிர காலியாகவே பார்த்துப் பழகிய அந்தப் பச்சைக் கூடை அன்றைக்கு நிறைந்திருந்தது. ஒரு சீப்பு வாழைப்பழம், அதற்கு அடியில் மாத்திரை அட்டைகள்.

இருதயம் என்றார் டாக்டர். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று எங்களைக் கேட்டார். மாமாவுக்கும் மாத்திரை உண்டு என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். அதை அவர் எப்போது நிறுத்தினார் என்பதை எந்தக் கடையிலும் விசாரித்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை.

இன்னும் மாத்திரை கிடைக்குமா என்று பார்க்க, பாய் பிற்பாடு கியாக்தான் போய் அந்தக் கடையைக் கண்டுபிடித்தார். கடைக்காரருக்கு மாமாவை நன்றாக நினைவிருந்ததாம். "நெட்டையா, குடையோட? விலையே கேக்கலைங்க. இருக்கறதையெல்லாம் குடுங்கன்னாரு" என்றாராம். பாய் அதை வந்து சொன்னபோது என் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள்.

தெருவே சேர்ந்துதான் எடுத்துப் போட்டோம். டோ சேன் அன்றைய வியாபாரப் பணத்தை அப்படியே கொண்டுவந்து கொடுத்தாள். சவப்பெட்டியிலிருந்து வண்டி, விறகு, ஐயர் வரை ஒவ்வொன்றும் யானை விலை குதிரை விலை. ஒவ்வொரு விலையைக் கேட்கும்போதும் பக்கத்தில் அவர் நின்று தலையாட்டுவது போலவே எனக்கு இருந்தது.

அத்தை அழவில்லை. கஞ்சியை இரண்டு வாய் வாங்கினாள். மாத்திரையை நீட்டினால் உதட்டை இறுக்கிக்கொண்டாள். "அவரே போயாச்சு. இனிமே எதுக்குடி இது?" என்றாள். அவர் உயிரைக் கொடுத்துக் கொண்டுவந்த மாத்திரை என் கையிலேயே ஈரமாகி ஒட்டிக்கொண்டது. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். கன்னத்தைப் பிடித்து அழுத்தி உள்ளே போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் துப்பத் தெரிந்தவள்.

இரண்டாம் நாள் அவளாகவே பேசினாள்.

"செல்வி, எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆச்சு?"

எண்ணெய்க்கு, பருப்புக்கு, சீனிக்கு, பட்டுக்கு எல்லாம் பழைய விலை எனக்கு மனப்பாடம். சாவுக்கு மட்டும் பழைய விலை தெரியாது. அது தெரிந்த ஒரே மனிதரை எரித்துவிட்டு வந்துதான் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். ஒன்று கூட்டிச் சொன்னாலும் போச்சு, குறைத்துச் சொன்னாலும் போச்சு. இத்தனை வருஷம் அவர் கட்டிக் காத்தது ஒரே சொல்லில் சரிந்துவிடும். கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதான் ஆக வேண்டும் என்பார்கள். வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"மாமா உங்ககிட்ட என்ன சொல்லியிருந்தாரோ, அதேதான் அத்தை ஆச்சு" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "ஏத்தலையா?"

"ஏத்தலை."

"பொட்டிக்காரன்கூடவா?"

"அவன்கூட."

வலது கையால் தலையணைக்கடியில் துழாவிச் சுருக்குப்பையை எடுத்து என் மடியில் வைத்தாள். "எடுத்துக்க. யாரு யாரு போட்டாங்களோ திருப்பிக் குடுத்துடு. அவரு யார் காசுலயும் போகக் கூடாது. மீதி இருக்கும், அதை எங்கிட்டக் குடு."

நான் பையைத் திறந்தேன். பழைய நோட்டுகள், மடிப்புக் கலையாமல், தைலவாசத்தோடு. அவர் சொல்லியிருந்த தொகையை அவளே சொல்ல, அவள் பார்த்துக்கொண்டிருக்க அவற்றை எண்ணினேன். எண்ணி எடுத்து என் முந்தானையில் முடிந்தேன். கொஞ்சத்தை மீதி என்று திருப்பி அவள் கையில் வைத்தேன். முடிந்துகொண்ட பணத்தில் அன்றைக்கு என் கடையில் இரண்டு பேர் வயிறார உட்கார்ந்து சாப்பிட முடியாது.

அத்தை மீதியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். அப்போதுதான் அழுதாள். "நல்ல மனுசங்கடி. செத்த வீட்டுல யாரும் கொள்ளையடிக்கல" என்றாள். வெகுநேரம் கழித்து, "இந்த மீதியில மாத்திரை எத்தனை நாளைக்கு வரும்?" என்று கேட்டாள்.

"ரொம்ப நாளைக்கு வரும் அத்தை."

வாயைத் திறந்தாள். போட்டேன். தண்ணீரைக் குடித்தாள். விழுங்கியதைத் தொண்டையில் பார்த்தேன். பிறகும் சந்தேகம் தீராமல் கன்னத்தைத் தடவிப் பார்த்தேன். "முழுங்கிட்டேன்டி" என்றாள், பழைய எரிச்சலோடு.

நான் கிளம்பும்போது கூப்பிட்டாள். "அவருக்கு உல்லம் மீன்னா உசுரு. படையலுக்கு வைக்கணும். நாளைக்கு என்ன விலைன்னு கேட்டுட்டு வந்து சொல்லு. கேக்காம வந்து சும்மா சொல்லாதே."

மறுநாள் விடிந்ததும் போனேன். டோ சேன் அப்போதுதான் கூடையை இறக்கியிருந்தாள். இன்னும் யாரும் வரவில்லை. நடுவில் ஒரு உல்லம் மீன் வெள்ளித் தகடாகக் கிடந்தது. எடுத்து உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தேன். "பெலௌலே?" என்று கேட்டேன். குரல் என்னுடையதாக இல்லை.

அவள் விலையைச் சொன்னாள். நான் தலையாட்டினேன். மீனை எடுத்த இடத்திலேயே, தலை முன்பு பார்த்த பக்கமே இருக்கும்படி வைத்தேன். திரும்பியபோது டோ சேன் என் முழங்கையைத் தொட்டாள். மடியிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து என்னிடம் நீட்டிக்கொண்டு நின்றாள். அதை வாங்கிக்கொண்டு, ஓரத்தில் கிடந்த கொத்தமல்லியில் ஒரு கட்டை எடுத்தேன்.